ஆச்சு என்று சொல்லாத அக்கா

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் யோசித்திருக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். கோயிலில் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் எழுதிக் கொடுப்பதைத் தாண்டி எழுதிப் பழக்கமில்லை. அதோடு, இது நான் உப்பு தின்ற ஒரு வீட்டைப் பற்றியது. அந்த வீட்டுக்குள் நடந்ததை வெளியே சொன்னால் அம்மன் பொறுப்பாளா என்ற பயமும் இருந்தது.

போன மாதம் ஒரு வளைகாப்புச் சாப்பாட்டில் பக்கத்து இலையில் இருந்த அம்மா இந்தக் கதையை என்னிடமே சொன்னாள். அக்கா, தான் சமையல் வேலை செய்த வீட்டு வயதான மதாமை மயக்கி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டாளாம். எதிர் இலைக்காரி, அப்படியில்லை, அக்கா பேசின பிரெஞ்சைக் கேட்டு மதாமே வாயடைத்துப் போனாராம் என்றாள். இரண்டும் நடக்கவில்லை. நான் அங்கே இருந்தவள். வீட்டுக்கு வந்து விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். யார் பேரும் போடவில்லை. நான் கூப்பிட்டபடியே அக்கா என்று எழுதுகிறேன்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அக்காவுடையது. அவள் அப்பா ஆலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு அந்தத் தெருவில் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வேன் ஓட்டினார். அக்கா சமையல் வேலைக்குப் போனாள்.

நம் ஊரில் யாராவது சாப்பிடும் நேரத்தில் வந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டால் வயிறு காலியாக இருந்தாலும் ஆச்சு என்றுதானே சொல்வோம். மரியாதைக்குச் சொல்வது. அக்காவுக்கு அது வராது. "இன்னும் ஆகல. இப்ப வேணாம், அப்புறம் சாப்பிடறேன்" என்பாள். கேட்டவர்கள் சங்கடப்பட்டு ஒரு தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்று அவளும் சங்கடப்படுவாள். ஆகாததை ஆச்சு என்று சொல்ல அவள் நாக்கு மடங்காது.

அவள் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் உட்கார்ந்து சொல்லிச் சிரிப்பார். "எங்காளு மேல போனா இன்னா நடக்கும் தெரியுமா? சித்ரகுப்தன் கணக்கு வாசிப்பான். இவ நடுவுல எழுந்து, சார், நான் செஞ்ச பாவத்துல ஒண்ண உட்டுட்டீங்க, அதையும் சேத்துக்கங்கன்னு சொல்லுவா."

அக்கா உள்ளேயிருந்து பதில் கொடுப்பாள். "சேக்காம உட்டா அப்புறம் உங்க கணக்குல எழுதிடுவான். பரவால்லியா?"

ஒரு ஆடி வெள்ளிக்கிழமை. என் சின்னவனுக்குக் காய்ச்சல் குணமாகியிருந்தது. தெரு அம்மன் கோயிலில் சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். துணைக்கு அக்கா வந்தாள். பேசிக்கொண்டே சுற்றியதில் எத்தனை சுற்று முடிந்தது என்பது எனக்கு மறந்து போனது.

"போதும்க்கா. ஆச்சுன்னு வச்சிக்கலாம்" என்றேன்.

"யாரு வச்சிக்கிறது? நீயா, அம்மனா?"

"அம்மன் மன்னிப்பா."

"மன்னிப்பா. அதுக்காக ஆவுமா? தெரியலன்னா மொதல்லேருந்து சுத்து."

"காலு வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். நானும் வரேன்."

அவளுக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லை. வேப்பமரத்தடியில் சின்னச் சின்னக் கல்லாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லை எடுத்துப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னோடு முழுக்கச் சுற்றினாள். கடைசிக் கல்லை வைத்த பிறகுதான், "இப்ப ஆச்சு. கும்புடு" என்றாள். நான் எத்தனையோ தரம் கும்பிட்டிருக்கிறேன். அன்றைக்குக் கும்பிட்டது போல நெஞ்சு நிறைந்தது இல்லை.

இந்த அக்கா, பெண்ணைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்த பிறகு, படிக்க ஆரம்பித்தாள். தபால் வழியில் பி.ஏ. முடித்தாள். அப்புறம் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறி, வட்டார ஆய்வும் மொழிகளும் என்ற மேல்படிப்புக்குப் போனாள். விடிகாலையில் சமையல் வேலை, ஒன்பது மணிக்குப் பஸ். தெருவில் சிரித்தார்கள். காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். டிகிரி வந்துவிட்டால் ஜூனில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மருமகனும் பெண்ணும் வேலைக்குப் போகிறவர்கள், பேத்தி பக்கத்து வீட்டில் வளர்ந்தது. அக்காவுக்கு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருக்க வேண்டும். வேறு ஆசை கிடையாது.

டிகிரிக்கு என்னென்ன வேண்டும் என்று துணி துவைத்துக்கொண்டே எனக்குச் சொல்வாள். இத்தனை பேப்பர் பாஸ் பண்ண வேண்டும். ஏதாவது ஒரு இடத்தைப் பற்றி விசாரித்து ஒரு ஆய்வு எழுத வேண்டும். தாய்மொழி இல்லாத ஒரு மொழி படிக்க வேண்டும். கடைசியாக ஒன்று. அந்த மொழியிலேயே புழங்குகிற ஒருவரோடு நேரில் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்தில் சொல்கிற அத்தனை மணி நேரம் பேசியிருக்க வேண்டும். பேசினாள் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பேப்பரெல்லாம் பாஸ் பண்ணிவிட்டாள். ஆய்வுக்கு எங்கள் தெருவையே எடுத்தாள். ஆலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று பெரியவர்களைக் கேட்டாள். ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறு சொன்னார். "ரெண்டையும் எழுதிட்டேன். எது சரின்னு எனக்கெப்படி தெரியும்?" என்றாள்.

கடைசி விஷயத்துக்குத்தான் அவள் கவலைப்படவே இல்லை. ஏனென்றால் அவள் பல வருஷமாகச் சமைத்துக்கொண்டிருந்ததே ஒரு மதாம் வீட்டில்.

மதாம் என்றால் வெள்ளைக்காரி இல்லை. நம்மைப் போலத் தமிழ் முகம்தான். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், காலமாகிவிட்டார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். கடற்கரைப் பக்கம் நீளமான வீடு. முன்வாசல் பெரிய தெருவில், பின்கதவு ஒரு சந்தில். முன்வாசலில் ஒரு மணி உண்டு. பாதிரியாரும் பென்ஷன் விஷயமாக வருகிறவர்களும் அதை அடிப்பார்கள். அவர்களோடு மதாம் பிரெஞ்சில் பேசுவார். போனில் பேரப்பிள்ளைகளோடும் அதே. பின்கதவால் வருகிற மீன்காரம்மா, பால்காரர், அக்கா எல்லோரோடும் நல்ல புதுச்சேரித் தமிழ். நாய் ஒன்று இருந்தது. அதோடு பிரெஞ்சு.

அக்கா ஒரு நாள் காலையில் அடுப்படியிலிருந்து, "போன்ழூர், மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாளாம். மதாம் நிமிர்ந்து பார்த்து, "பால் வந்துச்சா?" என்று கேட்டாராம். அடுத்த நாளும் அப்படியே. அக்கா பிரெஞ்சில் எதைச் சொன்னாலும் மதாம் தமிழில் பதில் சொன்னார்.

"நாயி டிகிரி வாங்கிடும். நான் வாங்க மாட்டேன் போலிருக்குது" என்று என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அவள் கண்ணில் பயம் இருந்தது.

கடைசியில் மதாமிடம் நேராகவே விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மதாம் கெட்டவர் இல்லை. "அவ்ளோதானா? கொண்டுவாடி, கையெழுத்து போட்டுத் தரேன்" என்றாராம்.

"பேசலியே, மதாம்."

"இத்தினி வருசம் நாம பேசாமயா இருக்கோம்?"

"அது தமிழ்ல."

"இன்னாடி இவ! உங்கிட்ட பிரெஞ்சுல பேச எனக்கு வாய் வரலடி. அது வெளி மனுசங்ககிட்ட பேசறது. நீ எங்க வீட்டுப் பொண்ணு. உங்கிட்ட போய் அதுல பேசினா, வேற யாரோ அடுப்படில நிக்கிற மாதிரி இருக்குது."

அக்காவுக்கு இதைக் கேட்டு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. ஆனால் கையெழுத்தை வாங்கவில்லை. அவள் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அவங்களே போட்டுத் தரேங்கறாங்க. உனக்கு இன்னா கொள்ளை? பேத்திய பாக்கணுமா வேணாமா?" என்று கத்தினார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தாள். "மதாம் வீட்டு வேலையை நான் உட்டுட்டேன். நீ போறியா?"

என் வீட்டுக்காரருக்குச் சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்டு குறைந்திருந்த நேரம். வேலை எனக்கு வேண்டும்தான். "ஏன்க்கா உட்ட?" என்று கேட்டேன்.

"வீட்டுப் பொண்ணா இருந்தா அவங்களுக்கு அந்தப் பேச்சு வராது. அதான் வெளி மனுசியா ஆயிடலாம்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மதாமுக்குக் காபி எவ்வளவு திக்காக இருக்க வேண்டும், சூப்பில் எதைப் போடக் கூடாது, நாயை எப்படித் தாஜா செய்ய வேண்டும் என்று எல்லாம் சொல்லி, பின்கதவு வரை வந்து என்னை விட்டுவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முன்வாசல் மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன். அக்கா நின்றாள். பெண் கல்யாணத்துக்குக் கட்டின பட்டுப்புடவை. தலையில் பூ. கையில் ஒரு பையில் ஆரஞ்சுப்பழம்.

"மதாம் இருக்காங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள், முன்பின் தெரியாதவள் போல.

"இன்னாக்கா விளையாட்டு?"

"விசிட்டர் வந்திருக்காங்கன்னு போய்ச் சொல்லு."

சொன்னேன். மதாம் எழுந்திருக்காமலே, "யாரு, அவளா? பின்னால வரச் சொல்லு" என்றார்.

அதையும் வந்து சொன்னேன். "பின்னால வந்தா சமையல்காரி. நான் இப்ப சமையல்காரி இல்லியே" என்று அக்கா அங்கேயே நின்றாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். வெளிச்சம் குறைகிற வரைக்கும் நின்றுவிட்டுக் கிளம்பினாள். பழத்தையாவது கொடுத்துவிட்டுப் போ என்றேன். "பாக்கவே இல்ல. பாக்காம எப்படி பழம் குடுக்கிறது?" என்று எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பழத்தை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள்.

அடுத்த ஞாயிறும் மணி அடித்தது. இந்தத் தடவை மதாமே ஜன்னலுக்கு வந்து கம்பி வழியாகத் திட்டினார். "இன்னாடி நாடகம் இது? தெருவே பாக்குது. வந்து எனக்கு ஒரு ரசம் வச்சுக் குடுத்துட்டுப் போயேன். இவ வைக்கிற ரசம் வாயில வைக்க வெளங்கல."

அக்கா, "போன்ழூர், மதாம்" என்று மட்டும் சொன்னாள். ஜன்னல் சாத்திக்கொண்டது.

நான் காபி எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது மதாம் கட்டிலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். "என்ன உட்டுட்டுப் போயிட்டா பாரு. போனவ இப்ப வந்து மணி அடிக்கிறா. என் பிள்ளைங்களும் இப்படித்தான் போனாங்க. அதுங்க மணியாவது அடிச்சுதா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர்கள் விஷயத்தில் வாய் கொடுக்கிறவள் இல்லை நான். அன்றைக்கு அம்மனை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். கோயிலில் நான் சுற்றை மறந்ததையும், அக்கா கல் பொறுக்கி என்னோடு முதலிலிருந்து சுற்றியதையும் சொன்னேன். "அவ உங்கள அவமானப்படுத்த வரலீங்க. ஆகாதத ஆச்சுன்னு சொல்ல அவளுக்கு வராது, அவ்ளோதாங்க" என்றேன்.

மதாம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவளுக்கு வேண்டுதலே இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"சும்மா உனக்காகவா நடந்தா?"

"ஆமாங்க."

சிலுவைக் குறி போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குப் போய் வந்த மதாம், கோயிலுக்குக் கட்டிய புடவையை மாற்றவில்லை. மத்தியானம் தூங்கவும் இல்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்து பூப்போட்ட கோப்பைகளை எடுத்துத் தானே துடைத்தார். "ரெண்டு கப் போடு" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மணி அடித்ததும் என்னைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் தானே போய்க் கதவைத் திறந்தார். நான் உள்கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இத்தனை வருஷம் ஏ பொண்ணே, ஏண்டி என்று கூப்பிட்ட வாயால், அக்காவைப் பார்த்து, "போன்ழூர், மதாம்" என்றார்.

அக்கா உடனே உள்ளே வரவில்லை. அந்த வீட்டில் அத்தனை வருஷம் வேலை செய்தவள், முன்வாசல் படியை உட்புறமிருந்து கழுவியிருக்கிறாள், அதைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. படியைப் பார்த்தாள். வலது காலை எடுத்து வைத்தாள், புதுப்பெண் போல.

நான் தட்டில் காபி கொண்டுபோனேன். பழக்கதோஷம், அக்கா தட்டை வாங்க எழுந்தாள். மதாம் விரலை லேசாக ஆட்டினார். அக்கா உட்கார்ந்தாள். அவளுக்குக் காபி கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். நாய் அவள் காலடியில் வந்து படுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் பார்த்தது. அவர்கள் பேசியது எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அக்கா நிறுத்தி நிறுத்திப் பேசினாள், தேடினாள், தப்பாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மதாம் காத்திருந்தார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் வாயடைக்க வைக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா எழுந்து விடைபெற்று முன்வாசலால் போனாள். கொஞ்ச நேரத்தில் சந்துப் பக்கம் பின்கதவு தட்டும் சத்தம். திறந்தால், அக்கா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நீ நகரு, நான் கப்பு கழுவறேன். சேந்து பஸ்ல போலாம்" என்றாள்.

சத்தம் கேட்டு மதாம் அடுப்படிக்கு வந்தார். அக்காவைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல், "வந்துட்டியாடி? இப்பதான் ஒரு மதாம் வந்துட்டுப் போனாங்க" என்றார்.

"அப்படிங்களா?" என்றாள் அக்கா, கோப்பையைத் தேய்த்துக்கொண்டே. "எப்படி, நல்ல மனுசியா?"

"மனுசி நல்லவதான். பேச்சுதான் முட்டுது, மாட்டு வண்டி மாதிரி."

"போவப் போவ சரியாயிடும், மதாம்."

"ஆவணும். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கேன்."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினேன்.

அப்படியே ஞாயிறு தவறாமல் நடந்தது. ஆனால் ஜூன் நெருங்கும்போது, வேண்டிய மணி நேரம் நிறையவில்லை. கொஞ்சம்தான் குறை. மதாம் பேனாவை எடுத்து, "முழுசா போட்டுடறேன். நீ வாசல்ல நின்ன ரெண்டு ஞாயிறையும் சேத்துக்க. என் வாசல்லதான நின்ன?" என்றார்.

"நின்னேன். பேசலியே" என்றாள் அக்கா.

அந்தத் தடவை டிகிரி வரவில்லை. காரைக்கால் பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா அழுதாள். அதை மறைத்து அவளைப் பெரிய மனுஷியாக்க எனக்கு இஷ்டமில்லை. எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேத்தி பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். "கையெழுத்த வாங்கியிருக்கலாமேக்கா" என்று நானும் அன்றைக்குச் சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாங்கியிருக்கலாம்தான்" என்றாள். அடுத்த ஞாயிறு பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுத்த பருவத்தில் மணி நேரம் நிறைந்தது. மதாம் கையெழுத்துப் போட்டார். டிகிரி வந்தது. அம்மன் புண்ணியத்தில், மறுவருஷம் காரைக்காலிலேயே வேறொரு பள்ளியில் வேலையும் கிடைத்தது. பேத்தி இப்போது அவளோடு பள்ளிக்கூடம் போய் வருகிறது.

கையெழுத்து முடிந்ததற்கு அடுத்த ஞாயிறு நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அன்றைக்கும் மதாம் நல்ல புடவையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கோப்பைகள் மேஜையில் இருந்தன. முன்வாசல் மணி அடிக்கவில்லை. பின்கதவு திறந்தது. அக்கா பழைய புடவையில், கையில் முருங்கைக்காயோடு வந்தாள்.

"ரசம் வைக்கட்டுமா, மதாம்? ரொம்ப நாளா கேட்டீங்களே."

மதாம் எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். "முன்னால போய் மணி அடிச்சுட்டு வா."

"அதான் கையெழுத்து போட்டாச்சே, மதாம். எல்லாம் ஆச்சு."

"உனக்கு ஆச்சு" என்றார் மதாம். "எனக்கு இன்னும் ஆகலடி."

அக்கா முருங்கைக்காயை என் கையில் கொடுத்தாள். கலைந்திருந்த தலையைக் கையாலேயே ஒதுக்கிக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். மணி அடித்தது.

காரைக்காலிலிருந்து புதுச்சேரி வரும்போதெல்லாம் அவள் இப்போதும் அந்த மணியை அடிக்கிறாள். வீடு மதாமுடையதுதான், அவர் பிள்ளைகளுக்குத்தான் போகும். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், எனக்குச் சந்தோஷம். ஆனால் அக்காவை இதைவிட நல்லவளாக்கிச் சொல்லாதீர்கள். மதாமை இதைவிடப் பொல்லாதவராக்கியும் சொல்லாதீர்கள். சொல்லும்போது பாதியில் ஏதாவது மறந்துபோனால், நீங்களாக ஒன்றை வைத்து இட்டு நிரப்ப வேண்டாம். முதலிலிருந்து ஒரு தடவை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.